இடக்காதில் குரல், வலக்காதில் பாட்டு

மான்கள்தான் மாறிவிட்டன என்று முதலில் நினைத்தேன். எங்கள் ஊர்த் தெருவுக்குப் பின்னேரத்தில் அவை ஆடுமாடு மாதிரிக் கூட்டமாக வரும். மரக்கறிக் கடைக் கழிவைத் தின்றுவிட்டு, யாரோ எறிந்த கடதாசியையும் மென்றுகொண்டு போகும். தார் வீதியில் கேட்கும் குளம்புச் சத்தத்தை வைத்தே எந்த வீட்டு வாசலில் நிற்கின்றன என்று சொல்லிவிடுவேன். அன்று கேற்றடியில் சும்மா நின்றிருந்தேன். திடீரென்று வலக்கையில் சூடான ஈர மூச்சொன்று பட்டது. அலறிவிட்டேன்.

மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மான் ஒண்டப்பா. இதுக்கே இந்தக் கத்தல் கத்தினீங்கள்? அது உங்களைவிடப் பயந்து ஓடுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாலு குளம்புள்ள ஒரு மிருகம் என் கைவரைக்கும் வந்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. கண் தெரியாதவனுக்கு அது பகிடியில்லை. காற்று அடித்தது, அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காற்று அடித்ததா என்று மனைவியிடம் கேட்கவில்லை.

எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட. என் தொழில், பாட்டுகளை வரிசைப்படுத்திக் கொடுப்பது. இப்படிச் சொன்னால் சிலர், "அது ஒரு தொழிலா?" என்று கேட்பார்கள். அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு பிரிவுப் பாட்டு ஒன்று ஸ்பீக்கரில் அழத் தொடங்கினால் தெரியும், இது தொழிலா இல்லையா என்று. மெட்டு துள்ளும், சொல் செத்த வீட்டுச் சொல்லாக இருக்கும். அப்படிப் பாட்டு நிறைய இருக்கிறது. கடைசி அடிவரை கேட்காமல் எதையும் நான் வரிசையில் சேர்ப்பதில்லை. கோயில் என்றால் பிள்ளையாரில் தொடங்க வேண்டும். பந்தி நேரத்தில் மேளம் குறைந்த பாட்டுப் போட வேண்டும், சனம் சாப்பிட்டுக்கொண்டு கதைக்க வேண்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பாட்டு மெதுவாகவும் அடுத்தது தூக்கி எறிகிற மாதிரியும் இருக்கக் கூடாது. எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

வேலை தருபவர் கிண்ணியாவில் லவுட் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அவரது வான்தான் போகும். பாட்டு என் கையிலிருந்து பென் டிரைவில் போகும்.

மவுஸை நான் தொடுவதே இல்லை. எல்லாம் கீபோர்ட்தான். கீழ் அம்புக் கீயை அமத்தினால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லும். என்டரை அமத்தினால் பாட்டு ஓடும். வல அம்பால் நடுப்பகுதிக்குத் தாண்டிப் போவேன். பிடித்திருந்தால் ஓல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு மேல் அம்பைத் தட்டித் தட்டி அந்தப் பாட்டை அதற்குரிய இடத்துக்கு ஏற்றுவேன். பிடிக்காவிட்டால் டிலீட். திரைவாசிப்பானின் குரலை நான் வைத்திருக்கும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்பார் நானா. இங்கிலீஷ் எழுத்தில் பெயரிட்ட தமிழ்ப் பாட்டுகளை அது வாசிக்கிற விதத்தைக் கேட்டால் பாடினவரே எழும்பி ஓடிவிடுவார். எனக்கு அது பழகிவிட்டது.

குரலும் பாட்டும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் குழம்பும். அதனால் பிரித்து வைத்திருந்தேன். அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஹெட்போனின் இடப்பக்கத்தில் திரைவாசிப்பானின் குரல், வலப்பக்கத்தில் பாட்டு. ஒரு காது பெயரைக் கேட்கும், மற்றக் காது பாட்டைச் சோதிக்கும். எது இடம் எது வலம் என்று தடவிப் பார்க்க, இடப்பக்கத்துக் கிண்ணத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டியிருந்தேன். பல வருடமாக இப்படித்தான். "அவள் கதைச்சால்தான் உங்களுக்குக் காது கேக்கும், நான் கதைச்சால் கேக்காது" என்று மனைவி அந்தக் குரலைச் சாட்டி என்னைக் குத்துவாள்.

மான் வந்து கையை மோந்த காலத்தில்தான் பாட்டுகளும் மங்கத் தொடங்கின. எதைக் கேட்டாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. சலங்கை இல்லை, தாளம் இல்லை, புல்லாங்குழல் மேலே போகும்போது பாதியில் காணாமல் போனது. எனக்கு வந்ததே கோபம். இந்தக் காலத்தில் பாட்டுப் பதிகிறவர்களையும், அதை இணையத்தில் ஏற்றுகிறவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிவிட்டு ஒவ்வொரு பாட்டிலும் ட்ரெபிளை, அந்தக் கூர்ச் சத்தத்தை, கூட்டினேன். சத்தத்தையும் கூட்டினேன். கூட்டின பிறகு கேட்டால் இனிமையாக இருந்தது.

சம்பூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழா முடிந்து நானா கோல் எடுத்தார்.

"தம்பி, ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது. பாட்டுப் போட்டா சனம் காதப் பொத்திக்கிட்டு நிக்கிது."

"அது உங்கட ஸ்பீக்கர், நானா. உப்புக் காத்துத் திண்டிருக்கும்."

"ஸ்பீக்கர் புதுசு தம்பி."

"அப்ப வயரைப் பாருங்கோ."

பார்க்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார். பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மனைவி, "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றாள். "நீர் பேசாம இரும்" என்றேன். அவள் உண்மையிலேயே பேசாமல் இருந்தாள். வழக்கமாக அப்படி இருக்க மாட்டாள். அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. என்னவென்று என்னால் பிடிக்க ஏலவில்லை. நான் பாட்டுக் கேட்கும்போது மகள் அறைக்கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் குசினியில் கதைப்பார்கள், நான் கிட்டப் போனால் நிறுத்துவார்கள். சில வேளை ஆள் அறைக்குள் வந்து நின்றது தெரியாமல், தோளில் கை பட்டதும் துள்ளி எழும்புவேன். யாரோ வீட்டுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம், வலப்பக்கத்திலிருந்து.

பிறகு அந்தக் காலை வந்தது. கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு கலியாண வீடு. அதற்கான வரிசையை முதல் நாளே செய்துவிட்டிருந்தேன். ஒருக்கால் முழுதாகக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று கதிரையில் இருந்தேன். முதல் நாள் பின்னேரம் மகள் ஒன்லைன் வகுப்புக்கு ஹெட்போனைக் கொண்டுபோய்த் திருப்பி வைத்திருந்தாள். தடவினேன், பிளாஸ்டர் துண்டு இல்லை. கழன்று எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். குத்துமதிப்பாகப் போட்டேன்.

கீழ் அம்பை அமத்தினேன். குரல் வரவில்லை. இல்லை, வந்தது, மிகத் தூரத்திலிருந்து, சொல்லே இல்லாமல் முணுமுணுவென்று. திரைவாசிப்பான் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அதே முணுமுணுப்பு. சரி, பாட்டாவது ஓடுகிறதா பார்ப்போம் என்று என்டரைத் தட்டினேன்.

இடக்காதைக் கீறிக்கொண்டு வந்தது பாட்டு. தாளமெல்லாம் கத்தி தீட்டுகிற சத்தம். பாடுகிற பெண்ணின் குரல் தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி இருந்தது. ஹெட்போனை இழுத்துக் கழற்றினேன். எந்த மடையன் இந்தப் பாட்டை இப்படிக் கெடுத்தான் என்று வாய்விட்டே கேட்டேன். கேட்ட பிறகுதான் யோசித்தேன், அந்தப் பாட்டை முதல் நாள் சரிசெய்து வரிசையில் ஏற்றினவன் நான். அப்போது அது தேனாக இருந்தது.

ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன். பாட்டு வலக்காதுக்குப் போனது. மெதுவாக, இனிமையாக, எனக்குப் பிடித்த மாதிரி. மறுபடி திருப்பினேன். கத்தி. திருப்பினேன். தேன். எத்தனை முறை மாற்றிப் போட்டேனோ தெரியாது. ஹெட்போனில் பிழையென்றால் பிழை ஹெட்போனோடு சேர்ந்து பக்கம் மாறியிருக்க வேண்டும். அது மாறவில்லை. பிழை என் தலையின் வலப்பக்கத்திலேயே இருந்தது.  பயந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. பாட்டை நிறுத்த, கீபோர்டில் ஸ்பேஸ் எது என்று தடவித் தேடினேன்.

கண் போன நேரம் எனக்குக் காது இருந்தது. வீதி காது, வேலை காது, மனைவியின் முகம் காது, மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்பது காது. இதுவும் போனால் நான் எங்கே இருப்பேன்? வீட்டின் நடுவில் கதிரையில், யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று தெரியாமல். அந்த நினைப்பை அதற்கு மேல் ஓடவிடவில்லை.

நானாவுக்குக் கோல் எடுத்தேன். "நானா, உண்மையைச் சொல்லுங்கோ. என்ர பாட்டு எப்ப தொடக்கம் இப்பிடி?"

 "கன நாளாத் தம்பி. நான் மிக்சர்ல ட்ரெபிளக் குறைச்சுத்தான் போடுற. அந்தக் கோயில்ல நான் இல்லாம பொடியன்மார் நிண்டதால, குறைக்கணும் எண்டு அவனுகளுக்குத் தெரியல்ல. ஒங்கட மனசு நோகும் எண்டு சொல்லல்ல."

"வீட்டில சொல்லிப்போடாதேங்கோ" என்றேன். மறுநாள் அவரே வானைக் கொண்டுவந்து என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். புது ஸ்பீக்கர் பார்க்கப் போகிறோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன அறையொன்றுக்குள் இருத்தி, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டனைத் தந்தார்கள். "கீ" என்று சத்தம் கேட்டால் அமத்த வேண்டும். பட்டன் அமத்துவதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். கொஞ்ச நேரத்தில் சத்தம் வருகிற ஒழுங்கு பிடிபட்டதும், அந்த ஒழுங்கிலேயே அமத்திக்கொண்டு போனேன். சோதிக்கிற மிஸ் கதவைத் திறந்தா.

"ஐயா, சத்தம் வராமலே அமத்துறீங்கள்."

அந்த வயதில், அந்தக் கதிரையில், பரீட்சையில் கள்ளம் செய்து பிடிபட்டவன் மாதிரி இருந்தேன். பிறகு ஒழுங்காகச் செய்தேன். வலக்காது நேரம் முழுக்க என் விரல் சும்மாவே கிடந்தது. அந்த அறைக்குள் அவ்வளவு அமைதி. இடக்காதுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சில இடங்களில், சத்தம் வர வேண்டிய இடைவெளி கடந்து போவதை உணர்ந்தேன். வரவில்லை. அமத்தவில்லை.

டொக்டர் சிங்களத்தில் சொல்ல, மிஸ் தமிழில் சொன்னா. முதலில் ஒரு கேள்வி. "சின்ன வயசில உங்களுக்கு இருட்டில கண் தெரிஞ்சதா எண்டு டொக்டர் கேக்கிறார்."

 இதே கேள்வியைப் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு கண் டொக்டரும் கேட்டிருந்தார். பொழுதுபட்டால் கதவிலும் சுவரிலும் மோதுகிற பிள்ளை நான். பிறகு வருடத்துக்கு வருடம் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்வை சுருங்கியது. கலியாணத்தன்று மனைவியின் முகத்தை ஒரு துளைக்குள்ளால் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் துளையும் அடைபட்டது.

"இல்லை, இருட்டில கண் தெரியாது" என்றேன்.

டொக்டர் நீளமாகக் கதைத்தார். மிஸ் கட்டையாகச் சொன்னா. "கண்ணைக் கொண்டுபோன அதே வருத்தம்தானாம் ஐயா. பிறப்பிலேயே உள்ளது. வலது கூடப் பாதிச்சிட்டுது. இடதிலயும் தொடங்கியிருக்கு."

"எவ்வளவு காலம் இருக்கும்?"

"சொல்ல ஏலாதாம்."

"கருவி வைச்சால்?"

"கொஞ்சக் காலத்துக்கு உதவுமாம்."

நீளமான பேச்சுக்கும் கட்டையான பேச்சுக்கும் நடுவில் விழுந்துபோனது என்ன என்று இன்றும் எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். சொல்லுகிறவர்களுக்கு அது ஒரு சொல். நானா வான் ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் ஒன்றுமே கதைக்கவில்லை. அல்லது கதைத்தாரோ தெரியாது. அவர் என் வலப்பக்கத்தில்தான் இருந்தார்.

சந்தியிலேயே இறக்கிவிடச் சொன்னேன். வீட்டுக்குத் தனியாக நடந்து போய்ப் பழக்கம், அன்று மட்டும் ஏன் விட வேண்டும் என்ற வீம்பு. அந்த வழியில் துறைமுகம் எப்போதும் எனக்கு வலப்பக்கம். கப்பல் ஊதினால் யாரோ தோளைப் பிடித்து நேராக விடுகிற மாதிரி இருக்கும். பாதி வழியில் ஒரு கப்பல் ஊதியது. இடப்பக்கத்திலிருந்து.

நின்றேன். வழி மாறிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பினேன். மறுபடி ஊதியது. இடப்பக்கம். இன்னொரு பக்கம் திரும்பினேன். அப்போதும் இடப்பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கப்பல் என் இடப்பக்கத்திலேயே நின்று ஊதியது. எனக்கு வீதியும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. கடல் இருந்த இடத்தைவிட்டு எழும்பி என்னைச் சுற்றி வருவதாகத் தோன்றியது. பிரேக் அடிக்கிற சத்தம் கேட்டது. காற்றொன்று காலில் உரசியது.

"அண்ணை, சாகவோ வந்தனீங்கள்?" ஓட்டோக்காரர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். அப்போதுதான் நான் நடு வீதியில் நிற்பது தெரிந்தது. மதில் ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். அதைத் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தேன். உடுப்பெல்லாம் வியர்வை.

வீட்டில் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். வாயைத் திறந்தால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். ஆனால் அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். கடைக்குப் போகும்போது மனைவி என் இடக்கையைப் பிடித்தாள். முன்பெல்லாம் வலக்கையைத்தான் பிடிப்பாள். சாப்பாட்டு மேசையில் மகளின் கதிரை இடப்பக்கத்துக்கு வந்திருந்தது. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. மானைப் பார்த்துச் சிரித்தவள், அதன் பிறகு ஒரு நாளும் என் காதைப் பற்றிப் பகிடி விடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒரு மத்தியானம் கணினிக்கு முன்னால் இருந்தேன். ட்ரெபிளைத் தொடாமல், சத்தத்தைத் தொடாமல், பாட்டுகளின் வரிசையை மட்டும் செய்துகொண்டிருந்தேன். மற்றதை நானா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மனைவி இடப்பக்கம் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். ஹெட்போனை என் தலையிலிருந்து எடுத்தாள். என் கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரலால் ஏதோ கீறினாள்.

"என்ன இது?"

"என்ன எழுதினனான் எண்டு சொல்லுங்கோ."

கண் தெரிந்த காலத்தில் எழுதிப் படித்த எழுத்துகள்தான். ஆனாலும் பிடிபடவில்லை. சுழி எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. "தெரியேல்ல" என்றேன்.

"சோறு" என்றாள். மறுபடி எழுதினாள். இம்முறை மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் விரலைத் தூக்கி.

அப்போது விளங்கிவிட்டது. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள். நானா சொன்னாரோ, தானாகவே கண்டுபிடித்தாளோ, கேட்கவில்லை. துக்கம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கையைப் பறித்துக்கொண்டேன்.

"இடக்காது இன்னும் செத்துப்போகேல்ல. இப்ப ஏன் இந்த விளையாட்டு? சொல்ல இருக்கிறதை வாயால சொல்லும்!"

அவள் குரலை உயர்த்தவில்லை. காதுக்குக் கிட்ட வந்துதான் சொன்னாள். "இப்பவெண்டால், உங்களுக்கு விளங்காட்டில் என்ன எழுதினனான் எண்டு வாயால சொல்லித் தருவன். பிறகு எதால சொல்லுறது?"

கையை விரித்து அவளிடம் நீட்டினேன். அவள் முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.